எட்மன்டன்: ஆற்றுப் பள்ளத்தாக்கிலிருந்து தொடங்குங்கள்

[திரையில்: மேலிருந்து எடுத்த காட்சி. வளைந்து போகும் ஆறு, இரு கரையிலும் மரங்கள், மேட்டில் கட்டடங்கள்]

கனடாவின் எட்மன்டன் நகரம் என்றதும் பலரும் முதலில் கேட்பது வெஸ்ட் எட்மன்டன் மால் பற்றித்தான். 1981ல் திறந்த மால். உள்ளேயே நீர்ப்பூங்கா, ஐஸ் ஸ்கேட்டிங் தளம், சவாரிகள். வெளியே மைனஸ் முப்பது இருக்கிற நாளில் குழந்தைகளோடு பொழுதைப் போக்க வசதியான இடம், மறுப்பதற்கில்லை. ஆனால் அந்த மால் ஒன்றையே பார்த்துவிட்டுத் திரும்பினால் ஊரைப் பார்த்ததாக ஆகாது. இந்த ஊரின் பொழுதுபோக்கில் பெரும்பகுதி ஆற்றங்கரையில் நடக்கிறது. அங்கிருந்தே ஆரம்பிப்போம்.

வடக்கு சஸ்காச்சுவான் ஆறு ஊரின் நடுவே ஆழமான பள்ளத்தாக்கை அரித்துக்கொண்டு தென்மேற்கிலிருந்து வடகிழக்காக ஓடுகிறது. அதை ஒட்டி வரிசையாகப் பூங்காக்கள், கூடவே 160 கிலோமீட்டர் அளவுக்கு நடைபாதையும் சைக்கிள் பாதையும். இந்த இடத்தைப் பொதுமக்களுக்கென்று ஒதுக்கிவைக்கச் சொல்லி 1907லேயே நிலவடிவமைப்பாளர் ஃபிரெடெரிக் டாட் ஆலோசனை கொடுத்தார். 1915 ஜூனில் வந்த வெள்ளம் தாழ்நிலத்து வீடுகளையும் மர ஆலைகளையும் அடித்துக்கொண்டு போனது. லோ லெவல் பாலம் பெயர்ந்துவிடாமலிருக்க, சுமையேற்றிய ரயில் பெட்டிகளை அதன்மேல் கொண்டுவந்து நிறுத்தினார்கள். பள்ளத்தாக்கில் வீடு கட்டுவது எவ்வளவு ஆபத்து என்பதை ஊரே அன்று பார்த்தது.

நகர மையத்திலிருந்து கீழே இறங்க, ஹோட்டல் மெக்டொனால்டுக்குப் பக்கத்தில் 2017 டிசம்பரில் திறந்த ஃபனிகுலர் இருக்கிறது. சரிவில் தண்டவாளத்தில் ஏறி இறங்கும் லிஃப்ட் அது. கட்டணம் கிடையாது, சைக்கிள், சக்கர நாற்காலி எல்லாம் ஏறும். பழுதாகி நிற்கும் நாட்களும் உண்டு. பக்கத்திலேயே படிக்கட்டு இருந்தாலும், சக்கர நாற்காலியில் வருபவர்கள் அன்று ஓடுகிறதா என்று கிளம்புமுன் பார்த்துக்கொள்வது நல்லது.

[திரையில்: ஹை லெவல் பாலத்தின் மேல்தளத்தில் டிராம் நகர்கிறது]

1913ல் திறந்த ஹை லெவல் பாலம் 777 மீட்டர் நீளம். ஒரு காலத்தில் ரயில் ஓடிய அதன் மேல்தளத்தில் இன்று பழைய டிராம் ஓடுகிறது. தன்னார்வலர்கள் ஓட்டும் இந்த வண்டிகளில் ஒசாகாவிலும் மெல்போர்னிலும் ஓடிய பெட்டிகளும் உண்டு. மே மாத நடுவிலிருந்து அக்டோபர் வரைதான் சேவை. பள்ளத்தாக்கின் முழு அகலத்தையும் ஒரே பார்வையில் பார்க்க இதைவிட நல்ல வழி எங்களுக்குத் தெரியவில்லை. தென்கரையில் இறங்கினால் ஓல்ட் ஸ்ட்ராத்கோனா. ஃபிரிஞ்ச் நாடக விழா நடக்கும் பேட்டை அது. அதைப் பற்றிப் பிறகு பார்ப்போம்.

முதலில் மட்டார்ட் கன்சர்வேட்டரி. 1976ல் திறந்த நான்கு கண்ணாடிப் பிரமிடுகள். மூன்றில் பாலைவன, மிதவெப்ப, வெப்பமண்டலச் செடிகள். நான்காவதில் பருவத்துக்கேற்ப மாறும் மலர்க்காட்சி. 2023 நவம்பரில் ஓட ஆரம்பித்த வேலி லைன் ரயிலில் ஏறினால் மட்டார்ட் நிறுத்தத்திலேயே இறங்கிவிடலாம். குளிர்காலத்தில் போகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: மைனஸ் இருபதிலிருந்து நேராக வெப்பமண்டலப் பிரமிடுக்குள் நுழைந்தால் மூக்குக் கண்ணாடி, கேமரா லென்ஸ் எல்லாம் ஒரு நொடியில் பனிமூட்டம் பூத்துவிடும். துடைத்தால் மறுபடி மூடும். கேமராவை வெளியிலேயே ஜிப் பைக்குள் போட்டு மூடி, உள்ளே வந்து அரைமணி நேரம் கழித்து எடுங்கள். ஈரம் பையின் மேல் படியும், லென்ஸ் தப்பிக்கும்.

அதற்கு அடுத்த மேடுதான் கல்லாகர் பூங்கா. குளிர்காலத்தில் ஸ்கீ சறுக்கும் சரிவு. ஆகஸ்டில் நாட்டார் இசை விழாவுக்கு வருகிறவர்கள் உட்காரும் இடம். 1980ல் தொடங்கிய விழா இது. ஆகஸ்ட் முதல் திங்கள் விடுமுறைக்கு அடுத்த வார இறுதியில், வியாழன் முதல் ஞாயிறு வரை நடக்கும். இங்கே தார்ப்பாய்தான் இருக்கை. வாசல் திறந்ததும் ஆளாளுக்குத் தார்ப்பாயைத் தூக்கிக்கொண்டு இடம்பிடிக்கப் போவார்கள். யார் முன்னால் போவது என்பதைக் குலுக்கலில் முடிவு செய்கிறார்கள். நாற்காலி கொண்டுபோனால் குட்டையானதாக இருக்கட்டும். உயரமானது பின்னால் இருப்பவருக்கு மறைக்கும். மழை பெய்தால் சரிவு சேறாகி வழுக்கும், அதனால் பிடிப்புள்ள காலணி அவசியம். பகலில் வெயில் கொளுத்தினாலும் இரவு பத்து டிகிரிக்கு இறங்கக்கூடும். சாப்பாடு திருப்பித் தரும் தட்டில்தான் வரும். தட்டுக்குக் கொடுத்த முன்பணத்தை மறக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள்.

பெரிய பெயர்கள் இரவில் முதன்மை மேடையில் பாடுவார்கள். எங்கள் ஓட்டு பகல் நேரச் சிறு மேடைகளுக்கே. முன்பின் சேர்ந்து வாசித்திராத நான்கைந்து கலைஞர்களை ஒரே மேடையில் உட்காரவைக்கிறார்கள். ஒருவர் ஆரம்பிக்க, மற்றவர்கள் அங்கேயே கேட்டுப் பிடித்துக்கொண்டு கூட வாசிப்பார்கள். இந்த விழாவில் கேட்கவேண்டியது அதுதான். நான்கு நாள் டிக்கெட் ஜூனில் விற்பனைக்கு வந்தால் நீண்ட நாள் தங்காது.

அதற்கு முந்தைய வார இறுதியில் 1976லிருந்து நடக்கும் ஹெரிட்டேஜ் விழா, பல நாட்டுச் சாப்பாட்டோடு. 2023 மார்ச்சில் ஹாரெலாக் பூங்கா பெரிய புனரமைப்புக்காக மூடப்பட்டதும் அங்கே நடந்துவந்த விழாக்கள் வேறு இடம் பார்க்க வேண்டியதாயிற்று. பழைய வீடியோக்களை நம்பிப் போகாமல், அந்த ஆண்டின் இடத்தைச் சரிபாருங்கள்.

[திரையில்: தெருவில் வித்தை காட்டும் கலைஞர், சுற்றிலும் கூட்டம்]

ஆகஸ்ட் நடுவில் ஃபிரிஞ்ச். 1982ல் தொடங்கிய இதுதான் வட அமெரிக்காவின் முதல் ஃபிரிஞ்ச் நாடக விழா. விழா நடத்தும் அரங்குகளில் யார் நாடகம் போடுவது என்பதை எந்த நடுவரும் தேர்ந்தெடுப்பதில்லை. குலுக்கலில் பெயர் விழுந்தவர்களுக்கு இடம். சொந்தமாக அரங்கு பிடித்துக்கொண்டு வரும் குழுக்களும் உண்டு. டிக்கெட் விலையைக் கலைஞர்கள் வைக்கிறார்கள், அந்தத் தொகை அவர்களுக்கே போகிறது. விழா தன் பங்குக்குத் தனியாகச் சேவைக் கட்டணம் போட்டுக்கொள்கிறது. தேர்வே இல்லாததால் அற்புதமான நாடகமும் அரைவேக்காடும் பக்கத்துப் பக்கத்தில் ஓடும். அந்த அபாயத்தோடுதான் ரசிக்க வேண்டும்.

பலரும் கோட்டைவிடுவது நேரக் கணக்கில்தான். நாடகம் தொடங்கிவிட்டால் ஒரு நிமிடம் தாமதமானாலும் உள்ளே விடமாட்டார்கள், டிக்கெட் போனது போனதுதான். பெரும்பாலான நாடகங்கள் ஒரு மணி நேரம் வரும். இரண்டுக்கும் நடுவில் குறைந்தது 45 நிமிடம் விடுங்கள். அரங்குகள் சிதறிக் கிடக்கின்றன, நடக்க வேண்டும். நல்ல விமர்சனம் வந்த நாடகத்துக்கு மறுநாளே டிக்கெட் கிடைப்பது கஷ்டம். ஆகவே முதல் இரண்டு மூன்று நாட்களிலேயே துணிந்து பார்த்துவிடுங்கள். தெருக்கலைஞர்களைப் பார்க்க டிக்கெட் வேண்டாம், ஆனால் முடிவில் தொப்பி நீட்டுவார்கள். அவர்களுக்கு அதுதான் சம்பளம், சில்லறையோடு போங்கள்.

கோடையில் இரண்டு தொல்லைகள்: கொசு, காட்டுத்தீப் புகை. புகை நாளில் காற்றின் தரச் சுகாதாரக் குறியீடு 7ஐத் தொட்டால் ஆபத்து அதிகம் என்று அர்த்தம். அன்றைக்கு சைக்கிளை விட்டுவிட்டு அருங்காட்சியகத்துக்குப் போங்கள். ஆல்பர்ட்டா ராயல் அருங்காட்சியகத்தின் புதிய கட்டடம் 2018 அக்டோபரில் திறந்தது. ஒரு பகல் தாராளமாகப் போகும்.

[திரையில்: பனியில் இரண்டு இணைகோடுகளாக ஸ்கீ தடம், அருகில் இருந்து]

குளிர்காலத்துக்கு வருவோம். டிசம்பர் கடைசியில் பகல் ஏழரை மணி நேரம்தான். ஆனாலும் யாரும் வீட்டுக்குள் முடங்குவதில்லை. பிப்ரவரியில் சில்வர் ஸ்கேட் விழாவும், ஊருக்குக் கிழக்கே பிர்க்கெபைனர் ஸ்கீ ஓட்டமும் நடக்கும். அதன் முதன்மைப் பந்தயத்தில் 55 கிலோமீட்டரை 5.5 கிலோ மூட்டை சுமந்து கடக்க வேண்டும்.

ஸ்கீ பழக கோல்ட் பார் பூங்கா நல்ல இடம். இங்கே எந்திரத்தால் அழுத்திப் போட்ட இரண்டு கோடுகள் தெரியும். அதன்மேல் நடக்கவே கூடாது. காலடிக் குழி இரவில் உறைந்து கல்லாகிவிடும். மறுநாள் வேகமாக வருபவரின் ஸ்கீ அதில் மாட்டி ஆள் விழுவார். மைனஸ் இருபதுக்குக் கீழே போனால் பனித்துகள்கள் உராய்வில் உருகுவது குறைந்து, மணலில் இழுப்பதுபோல ஸ்கீ நகராது. புதிதாகப் பழகுபவர்களுக்கு மைனஸ் ஐந்திலிருந்து பத்து வரை சுகம்.

உடுப்பில் பருத்தி வேண்டாம். வியர்வையைப் பிடித்து வைத்துக்கொண்டு உடம்பைக் குளிரவிடும். உள்ளே மெரினோ கம்பளி அல்லது பாலியஸ்டர், நடுவில் ஃப்ளீஸ், வெளியே காற்றுப் புகாத உறை. காலுக்கு இரண்டு சாக்ஸ் திணித்து பூட்ஸை இறுக்குவது பெரிய தவறு. ரத்த ஓட்டம் குறைந்து விரல்கள் முதலில் உறையும். விரலை அசைக்க இடம் இருக்கட்டும். காற்றோடு சேர்ந்த குளிர் மைனஸ் 28ஐத் தாண்டினால் மூடாத தோல் 10 முதல் 30 நிமிடத்தில் உறையலாம். மூக்கிலோ காதிலோ வெளுத்த, உணர்ச்சியற்ற திட்டு தெரிந்தால் உள்ளே போய் வெறும் கையால் மூடிச் சூடாக்குங்கள், தேய்க்காதீர்கள். உறைந்த ஏரியில் தனியாக நடக்க 15 சென்டிமீட்டர், கூட்டமாக ஸ்கேட் செய்ய 20 சென்டிமீட்டர் பனிக்கட்டி வேண்டும். ஆற்றுப் பனியை நம்பாதீர்கள்; கீழே நீரோட்டம் அரிப்பதால் தடிமன் இடத்துக்கு இடம் மாறும்.

வாடகைக் கார் எடுத்தால், என்ஜினை மின்சாரத்தில் சூடாக்கும் பிளாக் ஹீட்டர் இருக்கிறதா என்று கேளுங்கள். முன்பக்கம் தொங்கும் பிளக்கை மைனஸ் 15க்குக் கீழே போகும் இரவுகளில், கிளம்புவதற்கு நான்கு மணி நேரம் முன்பு சொருகினால் போதும்.

[திரையில்: சாலையோரம் பைசன் கூட்டம், கார் கண்ணாடி வழியாக]

கார் இருந்தால் கிழக்கே முக்கால் மணி நேரத்தில் எல்க் ஐலண்ட் தேசியப் பூங்கா. 1907ல் மொன்டானாவிலிருந்து கனடா அரசு வாங்கிய பைசன் என்ற காட்டெருமைகளை முதலில் இங்கே இறக்கி, பிறகு பெரும்பாலானவற்றை வெய்ன்ரைட் ஊரருகே இருந்த பூங்காவுக்கு அனுப்பியது. பிடிபடாமல் நின்றுவிட்ட சில டஜன்களின் வம்சம்தான் இன்றைய சமவெளி பைசன் மந்தை. 16ஆம் நெடுஞ்சாலைக்கு வடக்கே சமவெளி பைசன், தெற்கே வன பைசன். 2017ல் பான்ஃப் பூங்காவுக்கு பைசன் திரும்பியதும் இங்கிருந்துதான்.

நூறு மீட்டர் தள்ளியே நில்லுங்கள். வால் மேலே எழும்பினால் அது மிரண்டிருக்கிறது என்று பொருள், மெதுவாகப் பின்வாங்குங்கள். ஜூலை, ஆகஸ்ட் இணைசேரும் காலம், காளைகள் முரட்டுத்தனமாக இருக்கும். சாலையில் குறுக்கே நின்றால் ஹாரன் அடிக்காமல் காருக்குள்ளேயே காத்திருங்கள்.

இரவு வெளிச்சம் குறைவான பகுதி என்பதால் அஸ்டோடின் ஏரிக்கரை துருவ ஒளி பார்க்கவும் ஏற்ற இடம். ஜூனில் வானம் முழுதாக இருட்டுவதில்லை. ஆகஸ்ட் கடைசியிலிருந்து ஏப்ரல் வரை முயலலாம். படமெடுக்க முக்காலி, ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளியுணர்வு அளவு) 1600, ஐந்து முதல் பத்து விநாடி வெளிப்பாடு. ஆட்டோஃபோகஸை அணைத்துவிட்டு ஒரு நட்சத்திரத்தைப் பார்த்துக் கையால் குவியுங்கள். மாற்று பேட்டரியைச் சட்டையின் உள்பையில் வையுங்கள். குளிரில் சார்ஜ் சடாரென்று இறங்கும்.