‘பானா, டானா, இம்’ எப்படிப் ‘படம்’ ஆகும்?

[திரையில்: காரைக்குடிப் பேருந்து நிலையம். பேருந்துகளின் ஊர்ப்பலகைகள் ஒவ்வொன்றாக.]

குரல்: ஐந்து வயதுப் பிள்ளை அகர வரிசையைக் கடகடவென்று ஒப்பிக்கும். இந்தப் பலகையைக் காட்டினால் விழிக்கும். நாம் சொல்லிக்கொடுத்தது எழுத்தின் பெயரை. ‘பானா, டானா, இம்’ என்று எவ்வளவு வேகமாகச் சொன்னாலும் ‘படம்’ வராது. ‘ப… ட… ம்’ என்றால் வந்துவிடும். எனவே எழுத்தைக் காட்டும்போது ஒலியை மட்டும் சொல்லுங்கள்.

ஆங்கிலத்துக்குச் செய்வதுபோல முதல் நாளே ‘ப்’பையும் ‘அ’வையும் கூட்டச் சொல்ல வேண்டியதில்லை. ‘ப’ பிள்ளையின் காதுக்கு ஒரே ஒலி, கண்ணுக்கும் ஒரே எழுத்து. அப்படியே பழகட்டும். 247 எழுத்தும் முடிந்த பிறகுதான் சொல் என்று காத்திருக்கவும் வேண்டாம்.

[திரையில்: ஆறு அட்டைகள்: ட, ப, ம, ட், ப், ம்]

பழைய காலண்டர் அட்டையை உள்ளங்கை அளவுக்கு நறுக்கிக்கொள்ளுங்கள். இந்த ஆறிலேயே படம், மடம், பட்டம், மட்டம் வந்துவிடும். துணைக்கால் அட்டையைச் சேர்த்தால் பாடம், மாடம். விளக்கு வைக்கும் மாடம் சுவரிலேயே இருந்தால் கையோடு காட்டிவிடலாம். ஒரு நாளைக்குப் பதினைந்து நிமிடம் போதும்.

இங்கே இரண்டு இடத்தில் சறுக்கும். ஒன்று, எழுத்துக்கு எழுத்து நீண்ட இடைவெளி விட்டால், கடைசி எழுத்துக்கு வருவதற்குள் முதல் ஒலி மறந்துபோகும். விரலை எடுக்காமல் அட்டைகளின் கீழே இழுத்துக்கொண்டே போங்கள். இன்னொன்று படம் போட்ட அட்டை. பிள்ளை படத்தைப் பார்த்துச் சொல்லும், நாம் வாசித்ததாக நம்பிவிடுவோம். பொருளே இல்லாத ‘டமபா’வை வைத்துப் பாருங்கள். அதைச் சொன்னால்தான் அது வாசிப்பு.

அடுத்து க, த, த், ன, ன், டு.

[திரையில்: கானாடுகாத்தான்]

ஏழு எழுத்து, துணைக்காலும் புள்ளியும் ‘டு’வும் தவிர வேறு குறி இல்லை. இவ்வளவு நீளமான ஊர்ப்பெயர், ஆனால் படிக்க எளிது!

‘க’வுக்கு ஒலி ஒன்றல்லவே என்பீர்கள். பக்கம், பங்கு, பகல்: மூன்றிலும் மூன்று விதம். விதியைச் சொல்லிக் குழப்பாதீர்கள். மூன்று சொல்லையும் அடுத்தடுத்து வைத்து வாசிக்க விடுங்கள். பட்டம், பண்டம், படம். பத்து, பந்து, பாதி. பச்சை, பஞ்சு, பசி. தெரிந்த சொல் என்பதால் நாக்கு தானாகத் திருத்திக்கொள்ளும்.

உகரத்தில் அவசரம் கூடாது. அதற்கு ஒரே குறி கிடையாது. கு, டு, மு, ரு, ழு, ளு ஒரு கூட்டம். சு, பு, யு, வு இன்னொன்று. து, நு, ணு, லு, னு, று மூன்றாவது. கூட்டத்துக்கு ஒரு வாரம் கொடுங்கள். ‘புதுவயல்’ பலகையில் இரண்டு கூட்டம் அடுத்தடுத்து நிற்கிறது, சோதிக்க நல்ல சொல்.

[திரையில்: காரைக்குடி. ‘ா’, ‘ை’, ‘ர’ மட்டும் பெரிதாகிறது.]

சொந்த ஊர்ப்பெயர் என்று இதை முதலில் எடுப்பவர்கள் அதிகம். உண்மையில் இது கடினம். ‘கா’வின் கால், அடுத்து சங்கிலிக்கொம்பு, அடுத்து ‘ர’. காலையும் ‘ர’வையும் பிள்ளை மாற்றிப் பார்க்கும். கொம்பு முன்னால் நிற்கும், ஒலியோ பின்னால் வரும். இடமிருந்து வலமாகப் போகும் கண் அங்கே தடுமாறி ‘ஐ-ர’ என்று படிக்கும். போதாததற்குக் கண்டக்டர் ‘காரக்குடி, காரக்குடி’ என்றுதான் கூப்பிடுகிறார்.

கொம்பை ஒரு தாள்துண்டால் மூடுங்கள். ‘ர’ என்று சொல்லட்டும். தாளை எடுங்கள்: ‘ரை’. ஒற்றைக்கொம்புக்கும் இரட்டைக்கொம்புக்கும் இதே வேலைதான். எழுதியபடி ‘காரைக்குடி’ என்று முழுதாக வாசித்த பிறகு, பேச்சில் ‘காரக்குடி’ என்கிறோம் என்று சொன்னால் போதும். பேச்சைத் தப்பு என்று அடக்காதீர்கள்.

கொம்பும் காலும் தனித்தனியே பழகிய பின் ‘கொட்டான்’, அதாவது ஓலைக்கூடை. நடுவில் ‘க’, இடப்பக்கம் ஒற்றைக்கொம்பு அட்டை, வலப்பக்கம் கால் அட்டை. முன்பே கால் மட்டும் பழகியதால் சிலர் ‘கெகா’ என்பார்கள். மூன்று அட்டையையும் ஒரே கிளிப்பில் சேர்த்துக் காட்டுங்கள். ‘கௌ’வைக் கடைசிக்குத் தள்ளலாம். அதன் வலப்பக்கக் குறி ‘ள’ போலவே இருக்கும், சிறு பிள்ளைகள் படிக்கும் சொற்களில் வருவதும் அபூர்வம்.