ஆறட்டும், அப்புறம் எழுதலாம்

நடுவர் ஐயாவுக்கும் கூடியிருக்கும் எல்லாருக்கும் வணக்கமுங்க. ஒரு நாவலைப் பற்றிக் கருத்துச் சொல்ல ஏற்ற நேரம் முடித்த சூட்டிலா, ஆறவிட்ட பிறகா என்பது தலைப்பு. எனக்கு முன்னால் பேசிய எதிரணி அண்ணன், "முடித்த கையோடு எழுதினால் மனசு பேசும், ஒரு வாரம் கழித்து எழுதினால் மூளைதான் பேசும்" என்று சொல்லிக் கைதட்டு வாங்கிவிட்டார். ஏனுங்கண்ணா, வேகவைத்த மஞ்சளைக் காயப்போடாமல் ஈரோட்டு மண்டிக்குக் கொண்டுபோனால் யாருங்க விலை கேட்பாங்க?

சூட்டோடு எழுதினால் நாவலின் கடைசிப் பத்துப் பக்கம்தான் எழுத்தில் வரும். நம்ம ஊர் ஆர். சண்முகசுந்தரத்தின் 'நாகம்மாள்' நாவலையே எடுத்துக்கொள்ளுங்கள். 1942-ல் வந்தது. விதவை நாகம்மாளின் கொழுந்தன் சின்னப்பன் கொலையாவதில் முடிகிறது. மூடிய கையோடு பேனா எடுத்தால், "ஐயோ, இப்படி ஒரு பொம்பளையா, ஒரு குடும்பத்தையே அழித்துவிட்டாளே" என்றுதான் எழுத வரும். ஒரு வாரம் போகட்டும். அவள் கேட்டது என்ன? செத்துப்போன புருசனின் பங்கு நிலம். அது அவளுக்கு உரியதுதானா என்று அப்போதுதான் தேடத் தோன்றும். விதவைக்குக் கணவன் சொத்தில் பங்கு தரும் சட்டம் 1937-லேயே வந்துவிட்டது. ஆனால் விவசாய நிலத்துக்கு அது பொருந்தாது என்று 1941-ல் அப்போதைய இந்தியாவின் பெடரல் கோர்ட் சொல்லிவிட்டது. சென்னை மாகாணத்தில் தோட்டம், காடு என்கிற விவசாய நிலத்துக்கும் சேர்த்து அதை நீட்டியது 1947-ல். அதாவது நாவல் வெளியான வருசத்தில் காட்டில் பங்கு கேட்க அவளுக்குச் சட்டத்தின் துணை இல்லை. வாய்தான் இருந்தது, பக்கத்தில் துணைக்குக் கெட்டியப்பன் என்கிற முரடன் இருந்தான். இது தெரிந்த பிறகும் அதே ஒற்றை வரியை எழுதுவீங்களா?

உணர்ச்சியே வேண்டாம் என்று எங்கள் அணி சொல்லவில்லை. முடித்த அன்றைக்கே நோட்டில் ஐந்து வரி எழுதுங்கள், யாருக்கும் அனுப்பாதீர்கள். படிக்கும்போதே பிடித்த இடத்தில் பென்சிலால் ஒரு புள்ளி, பின்னட்டைக்கு உள்ளே அந்தப் பக்க எண். ஒரு வாரம் கழித்து முதல் அத்தியாயத்தையும் கடைசி அத்தியாயத்தையும் மட்டும் திரும்பப் படியுங்கள். ஒரு மணி நேர வேலை. முடிவு தெரிந்து படிக்கும்போது முதல் அத்தியாயம் வேறு மாதிரி இருக்கும், முதலில் கண்ணில் படாததெல்லாம் படும். பிறகு அந்த ஐந்து வரியில் எது நிற்கிறதோ அதை வைத்துக்கொண்டு மற்றதை அடித்துவிடுங்கள். கதைச் சுருக்கம் மூன்று வரியைத் தாண்டினால் உங்கள் கருத்துக்கு இடம் இருக்காது.

அவசரத்தில் இன்னொன்றும் கெடும். பாத்திரம் பேசியதை எழுத்தாளர் தலையில் கட்டிவிடுவார்கள். பஸ்ஸில் நாளுக்கு நாலு பக்கம் என்று ஒரு மாதம் இழுத்துப் படித்துவிட்டு, "நாவல் நகரவே இல்லை" என்பார்கள். நகராதது யாருங்க?

துப்பறியும் கதைக்கு மட்டும் எதிரணி சொல்வதை ஒப்புக்கொள்கிறேன். ஆறினால் அதில் பலதில் ஒன்றும் மிஞ்சாது.

கடைசியாக ஒன்று. பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' 2010-ல் வந்தது. கடைசிப் பக்கத்தில் நாயகன் காளி பூவரச மரத்தடியில் இருக்கிறான். முடித்த கையோடு எழுதுகிறவர், "காளி செத்துப்போனான்" என்று காரியமே பண்ணிவிடுவார். நாவல் அப்படிச் சொல்லவே இல்லை. 2014-ல் அதே எழுத்தாளர் அதன் தொடர்ச்சியாக, ஒன்றுக்கொன்று மாற்றாக இரண்டு நாவல் கொடுத்தார். 'ஆலவாயன்' நாவலில் காளி செத்துவிட்டான், 'அர்த்தநாரி' நாவலில் உயிரோடு இருக்கிறான். சூட்டோடு எழுதியவர்கள் 2010-லேயே அவனை எந்தப் பக்கத்தில் வைத்துக் கொன்றார்கள் என்று அடுத்துப் பேச வரும் எதிரணி அக்கா சொல்லட்டுமுங்க. நன்றி, வணக்கம்.