சுவரில் குடியிருக்கும் தேனீக்கள்

அவையில் கூடியிருக்கும் பெரியோர்களுக்கும் ஆச்சிமார்களுக்கும் வணக்கம்.

தேனீயைக் காக்க வேண்டும் என்றால் பெட்டி எங்கே கிடைக்கும் என்றுதான் பலரும் கேட்கிறார்கள். பெட்டி நல்லதுதான்; ஆனால் காரைக்குடியிலும் கானாடுகாத்தானிலும் நம் பழைய வீடுகளே நாட்டுத் தேனீக்குப் பெட்டியாக இருந்திருக்கின்றன.

நம் பக்கத்துத் தேனீக்களில் மலைத்தேனீயும் கொம்புத்தேனீயும் வெட்டவெளியில் ஒற்றை அடை கட்டுபவை. அடுக்குத்தேனீ மரப்பொந்து போன்ற இருளில் பல அடைகளைக் கட்டும். 1990களின் தொடக்கத்தில் தென்னிந்தியாவில் பரவிய தாய்லாந்து சாக்புரூட் என்னும் வைரஸ் நோய் இந்த அடுக்குத்தேனீயைப் பேரளவில் அழித்தது. தப்பிய கூட்டங்களிலிருந்தே அந்த இனம் மீண்டும் பெருகியது என்பதால், பெட்டிக்கு வெளியே வாழும் கூட்டங்களும் நமக்கு வேண்டும்.

நான் அதிகம் கவலைப்படுவது கொடுக்கில்லாத கொசுத்தேனீயைப் பற்றித்தான். நிலைக்கதவின் ஓட்டையிலோ சுவர் விரிசலிலோ புகுந்து, மெழுகோடு மரப்பிசினைக் குழைத்துச் சிறு சிறு குடங்கள் செய்து அவற்றில் தேனைச் சேர்க்கும். அந்தக் கூட்டின் வாசலில் நீண்டிருக்கும் பிசின் குழலைப் பூச்சிக்கூடு என்று எண்ணிச் சிமெண்டால் அடைத்துவிடுகிறோம். இதன் குடிபெயர்ச்சி விந்தையானது. வேலைக்காரத் தேனீக்கள் தாய்க்கூட்டிலிருந்தே மெழுகையும் தேனையும் பல நாள் சுமந்து சென்று அருகில் புதுக்கூட்டை ஆயத்தம் செய்த பிறகே இளம் ராணி அங்கே போகும். மணமான பிள்ளையைச் சாமான் கொடுத்து வேறு வைக்கும் நம் வழக்கத்தை அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பழைய ராணியோ முட்டையிடத் தொடங்கியதும் வயிறு பெருத்துப் பறக்கும் திறனை இழந்துவிடுகிறது. மலைத்தேனீ கூட்டை விட்டுக் கிளம்புவதுபோல அதனால் கிளம்ப முடியாது.

ஆகவே தேக்கு மரத்துக்காகவும் கல்லுக்காகவும் ஒரு வீடு பிரிக்கப்படும்போது அந்தக் கூட்டமும் அங்கேயே முடிந்துபோகிறது. பூசணி, பாகல், சுரை முதலியவற்றில் ஆண்பூவும் பெண்பூவும் தனித்தனியே இருப்பதால், மகரந்தத்தை எடுத்துச் செல்ல யாருமில்லாவிட்டால் தோட்டத்தில் பூ இருக்கும், பிஞ்சு நிற்காது.

வீட்டைப் பிரித்தே ஆகவேண்டியவர்களிடம் ஒன்று கேட்கிறேன். கூடுள்ள மரத்துண்டை அறுக்க முடிந்தால் அப்படியே அறுத்தெடுங்கள். முடியாவிட்டால் பொழுது சாயும் நேரத்தில் புழுக்கூட்டையும் ராணியையும் குடங்களையும் சிந்தாமல் ஒரு மண்கலயத்துக்கு மாற்றி, வாயை மூடிச் சிறு துளை மட்டும் விட்டு, பழைய வாசல் இருந்த இடத்திலேயே சில நாள் கட்டிவையுங்கள். வெளியே போன தேனீக்கள் அங்கேதான் திரும்பி வரும்.