பாடிக் கறக்கிற மாடு
(மட்டக்களப்பில் இசை ஆர்வலர் ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, வேலைப்பளுவுக்கு மத்தியிலும் முன்வரிசையைச் சிறப்பிக்கும் மாநகரசபை உறுப்பினர்களே, நுண்கலைத்துறை விரிவுரையாளர்களே, எனக்கு முன் பேசி என் நேரத்திலும் பாதியை எடுத்துக்கொண்ட ஆசிரியர் ஐயா அவர்களே, தாய்மாரே, தம்பி தங்கையரே, வணக்கம்.

இங்கிலாந்தின் பீற்றில்ஸ் இசைக்குழுவின் போல் மெக்கார்ட்னி 2005 இல், தமது 63 ஆவது வயதில் வெளியிட்ட ‘கேயாஸ் அன்ட் கிரியேஷன் இன் த பக்யார்ட்’ என்ற தனி இசைத்தொகுப்பின் தயாரிப்பு, வாத்தியம், பாடல்வரி ஆகிய மூன்றையும் பற்றிப் பேச வந்திருக்கிறேன். பெயரை நம் பேச்சில் ‘பின்வளவில் குழப்பமும் படைப்பும்’ எனலாம். அட்டையில் இருப்பதும், 1962 இல் லிவர்பூல் வீட்டுப் பின்வளவில் கிற்றாரோடு இருந்தவரைத் தம்பி மைக் எடுத்த படந்தான்.

ஆடிக் கறக்கிற மாட்டை ஆடிக் கறக்கவேண்டும், பாடிக் கறக்கிற மாட்டைப் பாடிக் கறக்கவேண்டும் என்பார்கள். இந்த மாட்டைக் கறக்க, பீற்றில்ஸின் பழைய தயாரிப்பாளர் ஜோர்ஜ் மார்ட்டின் பரிந்துரைத்தவர், ரேடியோஹெட் குழுவின் தயாரிப்பாளரும் மெக்கார்ட்னியைவிட ஏறத்தாழ முப்பது வயது இளையவருமான நைஜல் கொட்ரிச். அவர் மேடைக்குழுவை ஒதுக்கிவைத்து, பியானோ முதல் டிரம்ஸ் வரை பெரும்பாலானவற்றை மெக்கார்ட்னியையே வாசிக்கவைத்தார். சில பாட்டுகளை நன்றாயில்லை என்று முகத்துக்கு நேரே சொன்னார். பெரியவருக்குக் கோபம் வந்தது, ஆனால் ஆளை மாற்றவில்லை. வாத்தியத்துக்கு ஒன்று சொல்கிறேன்: ஒரு பாட்டில் டுடுக் என்ற ஆர்மீனிய ஊதுகருவி ஒலிக்கிறது, நம் நாதசுரத்தைப் போல் அதற்கும் இரட்டை நாக்குச் சீவாளிதான்.

எங்கள் கல்லடிக் கிற்றார் அண்ணனை இங்கே சொல்லாமல் போக முடியாது. எழுபதைத் தாண்டியவர்; கலியாண வீடுகளில் அதே பத்துப் பாட்டை நாற்பது வருடம் வாசித்தவர். போன வருடம் புதிதாக ஒரு மெட்டுக் கட்டினார். மணிக்கணக்குக்குக் காசு வாங்கும் ஓர் ஒலிப்பதிவுக்கூடத்துக்குப் போனோம். பல்லவி முடிகிற இடத்தில், வீதியில் மீன்காரர் ஹோர்னை அமுக்கினார். திரும்பப் பாடினார், மீன்காரரும் திரும்பி வந்தார். மூன்றாம் தரம் மின்சாரம் போனது. கருவிக்கு முன்னால் இருந்த பிள்ளை, “பழைய பாட்டொன்று பாடுங்கோ அங்கிள், அதுதான் ஓடும்” என்றார். அண்ணன் கிற்றாரை உறையில் போட்டு, முழுக் காசையும் கொடுத்துவிட்டு, கல்லடிப் பாலம் வரை ஒரு வார்த்தை பேசாமல் நடந்தார். வீட்டில் என் பத்தொன்பது வயது மருமகன்தான், “ரெண்டாம் சரணம் உங்கட பழைய பாட்டுத்தானே, அதைத் தூக்குங்கோ” என்றான். அண்ணன் இரண்டு நாள் அவனோடு முகம் கொடுக்கவில்லை. மூன்றாம் நாள் புதிய சரணத்தோடு வந்தார். மருமகன் பாடிக் கறந்தான். அந்தக் கூடம் கயிற்றைத்தான் இழுத்தது.

பதினான்கு ஆண்டுகள் ஆராய்ந்து, 1947 இல் யாழ் நூலை அரங்கேற்றிய விபுலாநந்த அடிகளின் மண்ணில், மூத்த கலைஞர் புதுப்பாட்டைப் பதிய ஒரு பொது அறை இல்லாதது எனக்கு ஆறாத குறை. மீன்காரர் ஹோர்ன் புகாத சுவர், ஒரு மைக், ஒரு கணினி, முகத்துக்கு நேரே பேசும் ஓர் இளைஞர் போதும். கௌரவ உறுப்பினர்களே, இதைத்தான் மூன்று வருடமாகக் கேட்கிறேன்.

மணி அடித்துவிட்டார்கள், பாடல்வரியைத் தொட நேரமில்லை. விண்ணப்பம் வாசலுக்குப் பக்கத்து மேசையில் இருக்கிறது. உறுப்பினர்கள் ஒப்பமிடுவதற்குப் பேனா என் சட்டைப்பையில் இருக்கிறது.