கல்லீரல் கட்டிக்கு ஊசி, தொண்டையில எதுக்கு எண்டோஸ்கோப்பி?

வணக்கம். கல்லீரல் புற்றுக்கு ஊசி போடணும், அதுக்கு முன்னாடி எண்டோஸ்கோப்பி எடுத்துட்டு வாங்கன்னு டாக்டர் சொல்வார். கட்டி கல்லீரல்ல இருக்கு, தொண்டைக்குள்ள ஏன் குழாய் விடறாங்கன்னு வீட்ல குழம்பிடுவாங்க. இதுக்கு விடை ரத்தக்குழாய்லதான் இருக்கு.

நல்ல கல்லீரலுக்கு முக்கால்வாசி ரத்தம் குடல் பக்கத்துல இருந்து போர்ட்டல் வெயின் வழியா வருது. தமனி கொடுக்கறது கால் பங்குதான். எச்.சி.சி.ங்கற, கல்லீரல் செல்லுலயே தொடங்கற புற்றுக்கட்டி இதைத் தலைகீழா ஆக்கிடும், கிட்டத்தட்ட முழுக்க தமனி ரத்தத்துலதான் வளரும். அதனாலதான் கான்ட்ராஸ்ட் மருந்தை ஏத்தி சி.டி. எடுத்தா, அது தமனி வழியா வர்ற கட்டத்துல கட்டி பளிச்சுன்னு வெளுத்துத் தெரியும். அப்புறம் சுத்தியிருக்கற கல்லீரலைவிடக் கருத்துப்போகும். சிரோசிஸ், அதாவது கல்லீரல் தழும்பேறி இறுகிப்போன நோய் உள்ளவங்களுக்கு இது தெளிவா இருந்தா பெரும்பாலும் சதை எடுத்துப் பாக்கற பயாப்ஸியே வேண்டியதில்லை.

இந்தத் தமனியெல்லாம் எப்படி முளைக்குது? கட்டி பெருசாகப் பெருசாக நடுவுல ஆக்சிஜன் குறையும். உடனே எச்.ஐ.எஃப்-1 ஆல்ஃபாங்கற புரதம் செல்லுக்குள்ள சேர்ந்து, ரத்தக்குழாயை வளர்க்கற வி.ஈ.ஜி.எஃப்.ங்கற இன்னொரு புரதத்தைச் சுரக்க வைக்கும். அது பக்கத்து ரத்தக்குழாய் சுவர்ல இருக்கற ஏற்பியில (ரிசெப்டர்) உட்கார்ந்ததும் புதுக்கிளை விடும். ஆனா அந்தக் கிளை கோணல்மாணலா, ஓட்டை பைப் மாதிரி கசியும். ரத்தம் சரியாப் போகாது, திரும்ப ஆக்சிஜன் குறையும், இன்னும் வி.ஈ.ஜி.எஃப் சுரக்கும். தமனியை அடைக்கற டேஸ் சிகிச்சைக்கு அப்புறம்கூட, சாகாம மிஞ்சின செல்லுங்க இதையேதான் செய்யும்.

இந்த ஏற்பிகளைத் தடுக்கற சோராஃபெனிப் மாத்திரையோட முதல் பெரிய ஆய்வு 2008-ல வந்துச்சு. இடைநிலை ஆயுள், அதாவது பாதிப் பேர் உயிரோட இருந்த காலம், 7.9 மாசத்துல இருந்து 10.7 ஆச்சு, அவ்வளவுதான். ஒரு வேளைக்கு 400 மில்லிகிராம், தினம் ரெண்டு வேளை, வெறும் வயித்துல. ஒரு மாத்திரை 200 மில்லிகிராம், அதனால மாசத்துக்கு 120 மாத்திரை. நம்ம நாட்ல அது ரெண்டே முக்கால் லட்சம் ரூபாய்க்கு மேல வித்துச்சு. 2012-ல காப்புரிமைக்காரர் சம்மதம் இல்லாமலே மருந்தைச் செய்யலாம்ங்கற கட்டாய உரிமத்தை அரசு கொடுத்ததுக்கப்புறம், நாட்கோ கம்பெனி 8,800-க்குக் கொடுத்தாங்க. மருந்தைவிட பெரிய முன்னேற்றம் அந்த விலைதான்னு நான் சொல்வேன்.

குழாயை மட்டும் அடைச்சா ஏன் இவ்வளவு கொஞ்சமாப் பலன்? வி.ஈ.ஜி.எஃப் நம்ம உடம்போட நோய் எதிர்ப்பு செல்களையும் மந்தமாக்குது, புற்றைத் தாக்கற டி-செல்களைக் கட்டிக்குள்ள விடறதில்லை. அதனாலதான் வி.ஈ.ஜி.எஃப்.ஐப் பிடிக்கற பெவாசிசுமாப் கூட, நோய் எதிர்ப்பு சக்தியைத் தட்டி எழுப்பற அட்டெசோலிசுமாபைச் சேர்த்தாங்க. 2020-ல வந்த ஆய்வுல ஒரு வருஷம் தாண்டினவங்க 67 சதவீதம், சோராஃபெனிப்ல 55. டாக்டர் சொல்ற ஊசி இதுதான், மூணு வாரத்துக்கு ஒருக்கா டிரிப்ஸா ஏத்துவாங்க: அட்டெசோலிசுமாப் 1,200 மில்லிகிராம், பெவாசிசுமாப் எடை கிலோவுக்கு 15.

இப்ப எண்டோஸ்கோப்பிக்கு வருவோம். சிரோசிஸ்ல போர்ட்டல் வெயின் அழுத்தம் ஏறி, உணவுக்குழாய்ல ரத்த நரம்பு புடைச்சிருக்கும். நல்ல ரத்தக்குழாய் தன்னைப் பழுது பாத்துக்கறதுக்கும் வி.ஈ.ஜி.எஃப் வேணும். அதைப் பிடுங்கிட்டா புடைச்ச நரம்பு வெடிச்சு ரத்த வாந்தி வரலாம். அந்த 2020 ஆய்வுலயே ஆறு மாசத்துக்குள்ள எடுத்த எண்டோஸ்கோப்பி கட்டாயம்னு வச்சிருந்தாங்க. பெரிய புடைப்புன்னா ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டி, புண் ஆறினதுக்கப்புறம்தான் ஊசி.

அதோட பி.பி. பாருங்க. 150/100-க்கு மேல அடங்காம இருந்தா முதல்ல அதைக் குறைச்சுட்டுதான் தொடங்கணும். யூரின்ல புரதம் பாக்கணும். ஒரு நாள் முழுக்கச் சேர்த்த யூரின்ல 2 கிராம் தாண்டினா பெவாசிசுமாபை நிறுத்தி வைப்பாங்க. பெரிய ஆபரேஷன்னா குறைஞ்சது 28 நாள் முன்னாடியே நிறுத்தணும், இல்லேன்னா தையல் ஆறாது.

ரத்தக்கசிவு பயம் அதிகமா இருக்கறவங்களுக்கு வி.ஈ.ஜி.எஃப்.ஐயே தொடாம, எதிர்ப்பு சக்தியை மட்டும் தூண்டற ரெண்டு மருந்து வழியும் இருக்கு: டிரெமெலிமுமாப் ஒரே ஒரு தடவை 300 மில்லிகிராம், டுர்வாலுமாப் நாலு வாரத்துக்கு ஒருக்கா 1,500. எண்டோஸ்கோப்பி ரிப்போர்ட்டை வச்சுக்கிட்டு இதைப் பத்தி டாக்டர்கிட்ட நேரடியாவே கேளுங்க.