ஒரே அளவுக் கற்கள்: கண்டி யுத்த மயானத்திலிருந்து

வணக்கம். நான் இப்பொழுது நின்றுகொண்டிருப்பது கண்டி, தேவனி ராஜசிங்க மாவத்தையில் உள்ள யுத்த மயானத்தில். தலதா மாளிகைக்கும் ஏரிக்கும் வருகின்றவர்களில் மிகச் சிலரே இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கிறார்கள். மயானம் என்றதும் தயங்க வேண்டாம். வெட்டிச் சீராக்கிய புல்தரையும் வரிசை வரிசையாகப் பூச்செடிகளுமாக இது ஒரு சிறிய பூங்காவைப் போலத்தான் இருக்கிறது.

இங்கே 203 கல்லறைகள் உள்ளன. பிரித்தானியர் 107 பேர், கிழக்காபிரிக்கர் 35 பேர், நம் நாட்டவர் 26 பேர், கனேடியர் 23 பேர், இந்தியர் அறுவர், இத்தாலியர் மூவர், பிரெஞ்சுக்காரர் ஒருவர். இன்னும் இருவர் யாரென்றே தெரியவில்லை.

இரண்டாம் உலக யுத்தத்தில் துப்பாக்கிச் சண்டையே நடக்காத மலைநாட்டில் இவர்கள் எப்படி வந்து உறங்குகிறார்கள் என்று நீங்கள் கேட்கலாம். 1942 ஏப்ரல் 5 ஆம் திகதி கொழும்பின் மீதும் 9 ஆம் திகதி திருகோணமலையின் மீதும் யப்பானிய விமானங்கள் குண்டு வீசிய பின்னர் இத்தீவு முழுவதும் படைகள் நிரம்பின. பர்மாவுக்கு அனுப்பப்படவிருந்த கிழக்காபிரிக்கப் படைப்பிரிவு இங்கேதான் பயிற்சி பெற்றது. 1944 ஏப்ரலில் நேச நாட்டுப் படைத் தளபதி மவுண்ட்பேட்டன் பிரபு தமது தென்கிழக்காசியக் கட்டளைத் தலைமையகத்தைக் கண்டியை அடுத்த பேராதனைத் தாவரவியல் பூங்காவுக்கே கொண்டுவந்தார். போர்முனைக்குப் போகாமலே நோயிலும் விபத்திலும் உயிர் விடுகின்றவர்கள் எல்லாப் படையிலும் உண்டு.

கமெராவைச் சற்றுத் தாழ்த்துகிறேன், இந்தக் கல்லைப் பாருங்கள். காலையில் பெய்த மழைநீர் எழுத்துகளின் பள்ளத்தில் இன்னும் தேங்கி நிற்கிறது. படை இலக்கம், பதவி, பெயர், இறந்த திகதி, வயது. அடுத்த கல்லும் இதே உயரம், இதே அகலம். 1917 இல் தொடங்கப்பட்ட பொதுநலவாயப் போர்க் கல்லறைகள் ஆணைக்குழு, அதிகாரி என்றும் சிப்பாய் என்றும், இனம் என்றும் மதம் என்றும் பிரித்துப் பார்க்காமல் கற்களை ஒரே சீராக நாட்ட வேண்டும் என்பதைத் தன் கொள்கையாகக் கொண்டது. உயிரோடிருந்தபோது ஒரே மேசையில் உட்கார்ந்து உண்ண அனுமதிக்கப்படாத ஆங்கிலேய அதிகாரியும் ஆபிரிக்கச் சிப்பாயும் இங்கே சமமாகப் படுத்திருப்பதை என்னால் சாதாரணமாகக் கடந்து போக முடியவில்லை.

இதை நான் ஆழமாக உணர்வதற்கு ஒரு காரணம் உண்டு. பர்மா வீழ்ந்து அங்கிருந்து அரிசி வருவது நின்றுபோன பின், எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில் பட்ட பசியை, அப்பாவின் அம்மாவான என் அப்பாயி "கூப்பன் அரிசிக் காலம்" என்றுதான் சொல்வார். அந்த யுத்தம் அவரையும் தொட்டது. அப்பாயியைத் தோட்டத்துச் சுடுகாட்டில், தேயிலை மலையின் ஓரமாகத்தான் புதைத்தோம். அடையாளத்துக்கு ஒரு செம்பருத்திக் கம்பை நட்டோம். கல் வைக்க அன்று எங்களுக்கு வசதி இருக்கவில்லை. அடுத்த மழைக்காலத்தில் மண் சரிந்தது, கம்பும் போய்விட்டது.

ஆகவே இங்கே வருகின்றவர்கள் தயவுசெய்து படம் எடுத்துக்கொண்டு உடனே திரும்பிவிடாதீர்கள். ஒரு வரிசையையாவது முழுமையாக, பெயரும் வயதும் சேர்த்து வாசியுங்கள். நான் இப்பொழுது நம் நாட்டவர் 26 பேரின் கற்களைத் தேடி நடக்கப் போகிறேன்; ஒவ்வொன்றின் முன்னும் நின்று பெயரை உரக்க வாசிக்கிறேன், நீங்களும் கூடவே வாருங்கள்.