27-ஆம் இடத்து அமினோ அமிலம்: கிரெக் விண்டரும் ஆன்டிபாடிப் பொறியியலும்

(சென்னை கிண்டியில் உயிரித் தொழில்நுட்ப மாணவர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

மாணவச் செல்வங்களே, வணக்கம்.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் போனால் வடநெம்மேலி. அங்கே இருளர் கூட்டுறவுச் சங்கத்தார் நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கிலிருந்தும் விஷம் எடுக்கிறார்கள். அதைக் குதிரைக்குச் சிறுகச் சிறுக ஏற்றி, ரத்தத்தில் உண்டாகும் ஆன்டிபாடியை (அயல் பொருளைப் பிடிக்கும் எதிர்ப்புப் புரதத்தை) பிரித்தால் பாம்புக்கடி மருந்து. உயிர் காக்கும் மருந்துதான். ஆனாலும் அது குதிரைப் புரதம். அதனால்தான் அதை ஏற்றும்போது, ஒவ்வாமை வந்தால் கொடுக்க அட்ரினலின் ஊசியைப் பக்கத்தில் தயாராக வைக்கிறார்கள். அயல் புரதத்தை நம் உடம்பு எதிர்க்கிறது என்ற இந்தச் சிக்கலோடுதான் பிரிட்டிஷ் விஞ்ஞானி கிரெக் விண்டர் பல ஆண்டுகள் மல்லுக்கட்டினார்.

1975-இல் கேம்பிரிட்ஜில் விஞ்ஞானிகள் கோலரும் மில்ஸ்டீனும் சுண்டெலிச் செல்களிலிருந்து ஒரே வகை ஆன்டிபாடியை வேண்டுமட்டும் எடுக்க வழி கண்டார்கள். ஆனால் மனித ஐஜிஜி (ஆன்டிபாடியின் முக்கிய வகை) ரத்தத்தில் பாதியாகக் குறைய ஏறத்தாழ மூன்று வாரம் ஆகும். சுண்டெலியுடையது ஓரிரு நாளிலேயே குறைந்துவிடும். அடுத்தடுத்த தவணைகளில் உடம்பு அதற்கே எதிர்ப்பை உண்டாக்கிவிடும்.

மில்ஸ்டீன் இருந்த அதே எம்ஆர்சி (மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில்) மூலக்கூறு உயிரியல் ஆய்வகத்தில்தான் விண்டரும் இருந்தார். ஆன்டிஜெனை, அதாவது இலக்குப் பொருளை, பிடிப்பது பெரும்பாலும் ஆன்டிபாடியின் நுனியிலுள்ள ஆறு வளையங்கள்: கனச் சங்கிலியில் மூன்று, இலேசான சங்கிலியில் மூன்று. 1986-இல் அவர் குழு சுண்டெலியின் கனச் சங்கிலி வளையங்களை மட்டும் எடுத்து மனித ஆன்டிபாடிச் சட்டகத்தில் (வளையங்களைத் தாங்கும் பகுதியில்) பொருத்தியது. மாங்கன்றில் ஒட்டுக் கட்டுகிற வேலைதான்.

ஒட்டினால் மட்டும் போதாது என்பது 1988-இல் தெரிந்தது. எலியில் உருவான கேம்பத்-1 ஆன்டிபாடியின் ஆறு வளையங்களையும் மனிதச் சட்டகத்துக்கு மாற்றியபோது பிடிப்பு வெகுவாகக் குறைந்தது. கனச் சங்கிலியின் 27-ஆம் இடத்தில் எலிக்குப் ஃபினைல்அலனின் என்ற பெரிய அமினோ அமிலம். மனிதச் சட்டகத்திலோ சின்ன செரின். முதல் வளையத்துக்கு முட்டுக் கொடுத்த பக்கச் சங்கிலியே காணாமல் போயிருந்தது. அங்கே மறுபடி ஃபினைல்அலனினை வைத்ததும் பிடிப்பு பெருமளவு திரும்பியது. விண்டரின் ஆராய்ச்சியில் நீங்கள் ஊன்றிப் படிக்க வேண்டிய இடம் இதுதான் என்பேன். மென்பொருள் தந்த வரிசையை அப்படியே ஆர்டர் செய்துவிட்டு, ஆன்டிபாடி ஒட்டவில்லையே என்று கலங்குகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது சட்டகத்துக்குள் புதைந்திருக்கும் இத்தகைய முட்டுகளைத்தான்.

அடுத்து, விலங்கே வேண்டாம் என்ற கட்டம். இழை வடிவ ஃபேஜின் (பாக்டீரியாவைத் தொற்றும் வைரஸின்) மேல் அயல் பெப்டைடை (சிறு புரதத் துண்டை) ஏற்றலாம் என்று ஜார்ஜ் ஸ்மித் 1985-இல் காட்டியிருந்தார். 1990-இல் விண்டர் குழு, இரு சங்கிலிகளின் நுனிப் பகுதிகளையும் 15 அமினோ அமில இணைப்பால் கட்டி, ஃபேஜின் முனையில் நிறுத்தியது. புரதம் வெளியே, அதன் மரபணு உள்ளே. ஒட்டியதைப் பிடித்தால் மரபணுவும் கையில். இந்த வழியில் வந்த அடாலிமுமாப் என்ற ஆன்டிபாடி மருந்து 2002 டிசம்பர் 31 அன்று அமெரிக்காவில் முடக்குவாதத்துக்கு அனுமதி பெற்றது. 2018-இல் ஸ்மித்துக்கும் விண்டருக்கும் வேதியியல் நோபலில் பங்கு கிடைத்தது.

இப்போது ஆய்வக பெஞ்சுக்கு, இதைச் செய்யும் முறைக்கு வருவோம். குழாயில் ஆன்டிஜென் பூசுங்கள். மிச்ச இடத்தை 2 சதவீதப் பால்பவுடர் கரைசலால் அடையுங்கள். வெவ்வேறு ஆன்டிபாடிகளைத் தாங்கிய ஃபேஜை ஒரு லட்சம் கோடி அளவில் விட்டு, ட்வீன் (ஒருவகைச் சோப்பு) கலந்த பஃபரால் 10 முதல் 20 முறை கழுவுங்கள். ஒட்டியதை ட்ரைஎத்திலமைன் என்ற காரத்தில் 10 நிமிடத்துக்குள் கழற்றி, காரத்தை முறிக்க உடனே டிரிஸ் பஃபர் சேருங்கள். தாமதித்தால் காரத்தில் ஃபேஜ் கெடும். பிறகு ஓடி (செல் அடர்த்தி காட்டும் கலங்கல் அளவு) 0.4-இல் இருக்கும் ஈ.கோலி டிஜி1 செல்லில், 37 டிகிரியில், 30 நிமிடம் குலுக்காமல் வையுங்கள். செல் முற்றிவிட்டாலோ குளிர்ந்துவிட்டாலோ பைலஸ் (ஃபேஜ் பற்றி நுழையும் செல் மயிரிழை) குறைந்து ஃபேஜ் நுழையாது. வளர்க்கும்போது குளுக்கோஸ் வேண்டும். புதிய ஃபேஜ் உருவாகத் துணைசெய்யும் உதவி ஃபேஜ் சேர்த்தபின் அதே குளுக்கோஸ் மிஞ்சினால் புரொமோட்டர் (மரபணுவை இயக்கும் விசை) மூடியே இருக்கும், ஃபேஜின் மேல் ஆன்டிபாடி வராது. இந்த இடத்தில்தான் பலருடைய உழைப்பு வீணாகிறது. இப்படிப் பிடித்து, கழுவி, வளர்ப்பது ஒரு சுற்று; இதைத் திரும்பத் திரும்பச் செய்கிறோம்.

எது ஒட்டுகிறது என்று நிறத்தால் காட்டும் எலைசா சோதனை செய்யும்போது பால் மட்டும் பூசிய குழி ஒன்று கட்டாயம் பக்கத்தில் இருக்கட்டும். இரண்டு குழியும் மஞ்சளானால், அந்த ஃபேஜ் பாலையோ பிளாஸ்டிக்கையோ பிடிக்கிறது. காலனி பிசிஆரில் (பாக்டீரியாக் காலனியிலிருந்து ஆன்டிபாடி மரபணுவைப் பெருக்கிப் பார்க்கும் சோதனையில்) முழு நீளத்துக்குப் பதில் குட்டையான பட்டை வந்தால், அந்த க்ளோன் ஒரு சங்கிலியைத் தொலைத்துவிட்டு வேகமாக வளர்கிற ரகம். சுற்றுக்குச் சுற்று பெருகி மற்றவற்றை அமுக்கிவிடும். ஆகவே நான்காம் சுற்றுக்குப் போகும்முன், மூன்றாம் சுற்றின் க்ளோன்களைச் சீக்வென்ஸ் செய்து பாருங்கள்.